கைமடி அக்காவிடம் கேட்டீர்களா? திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஓனர்களுக்கு,

வணக்கம்ங்க.

பி.என். ரோடு, மங்கலம் ரோடு, காங்கேயம் ரோடு என்று ஊரைச் சுற்றி 20 மெஷின், 30 மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளின் தையல் வேலையை ஜாப் ஒர்க்காக எடுத்து நடத்துகிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். 18 வயதில் கைமடி வேலைக்கு, அதாவது பீஸை மடித்து அடுக்குகிற வேலைக்கு, வந்தவள் நான். அப்புறம் செக்கிங் டேபிள், அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின். இப்போது 30 மெஷின் ஓடுகிற ஒரு யூனிட்டில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். பனியன் கம்பெனிக்குள் வந்து 22 வருடம் ஆகிவிட்டது.

இந்த மூன்று நான்கு வருடத்தில் நம் சின்ன யூனிட்களுக்குள்ளும் புதுசு புதுசாக ஏதேதோ வந்துவிட்டது. வாசலில் கைரேகை வைக்கும் பெட்டி, மூலைக்கு ஒரு கேமரா, மணிக்கு மணி ப்ரொடக்‌ஷன் எவ்வளவு என்று ஓனர் போனில் காட்டும் ஆப். கூலி ஏறுகிறது, பீஸ் ரேட் ஏற மாட்டேன் என்கிறது, ஆள் கிடைப்பதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது ஊரே என்ன பாடுபட்டது என்பதும் தெரியும். இந்த நெருக்கடியில் கடன் வாங்கித்தான் பல பேர் இதையெல்லாம் மாட்டினீர்கள். போட்ட காசு உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். அது எங்கே வீணாகிறது என்பதை லைனில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்கள் டி-ஷர்ட் ஆர்டர், நேவி ப்ளூ. பாடித் துணி ஒரு லாட், கழுத்துக்கு வைக்கிற ரிப் வேறொரு லாட். டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கலராகத்தான் தெரிந்தன. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டும் ரிப்பில் லேசாக ஒரு சிவப்பு ஓடும். லைனில் உட்கார்ந்திருந்த டெய்லர்கள் கண்ணிலும் படவில்லை, நடுவில் நடந்துகொண்டிருந்த என் கண்ணிலும் படவில்லை. வாசல் ஓரம் தரையில் உட்கார்ந்து பீஸை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த கைமடி அக்கா ஒருவர் காலை ஒன்பதரைக்கே அதைப் பார்த்துவிட்டார். அவர் மடியில்தான் வெயில் விழும்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை லைன் ஓடியது. 840 பீஸ். அந்த மாதத்திலேயே அதிகம் அன்றைக்குத்தான். ஓனர் போனில் எல்லா மணி நேரத்துக்கும் பச்சைக் கட்டம். குரூப்பில் கைதட்டுகிற படம் போட்டுப் பாராட்டினார், எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. மறுநாள் காலை செக்கிங் டேபிளை வெளிச்சத்தில் போட்டபோது விஷயம் தெரிந்தது. ரிப்பை வெட்டி எடுத்தால் கழுத்து அளவு ஏறிவிடும் என்பதால் 840 கழுத்தையும் ஒவ்வொரு தையலாகப் பிரித்தோம். மூன்று நாள் போயிற்று. பிரிக்கும்போது ஓட்டை விழுந்து டேமேஜ் ஆனது தனிக் கணக்கு.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்காவிடம் கேட்டேன். "போன மாசம் ஸ்லீவ் சைஸ் மாறி வருதுன்னு சொன்னேன் கண்ணு. மடிக்கற வேலையை மட்டும் பாருக்கான்னு சொன்னாங்க. அதான் மடிச்சேன்" என்றார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொன்னது நான்தான். எனக்கு அது சுத்தமாக மறந்து போயிருந்தது.

அன்றைக்கு அந்த யூனிட்டில் மூன்று கேமரா இருந்தது, ஆப் இருந்தது, கைரேகைப் பெட்டி இருந்தது. கலர் மாறியதைக் கண்டுபிடித்தது ஒரே ஒருவர். அவர் வாயை அடைத்து வைத்திருந்தோம். ப்ரொடக்‌ஷன் உயர வேண்டும் என்று நீங்கள் செலவு செய்கிற ஒவ்வொரு ரூபாயும் இந்த இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும் என்று நான் நம்புகிறேன். கீழே இருக்கிறவருக்குத் தெரிந்தது மேலே வர வேண்டும், மேலே போகிற எண் கீழே இருக்கிறவருக்கும் தெரிய வேண்டும். இப்போது நம் யூனிட்களில் எண் மேலே மட்டும்தான் போகிறது.

அந்த எண்ணும் உண்மையானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப் வந்த முதல் வாரம் மணிக்கு மணி நேர்மையாகத்தான் ஏற்றினேன். பதினோரு மணிக்கு 70, பன்னிரண்டு மணிக்கு 38. அந்த 38க்குக் காரணம் கட்டிங்கில் இருந்து வெட்டிய துணி பண்டல் வரவில்லை. ஆனால் 38 ஏறிய இரண்டாவது நிமிடம் போன் வந்தது. அதே எண்ணைப் படம் பிடித்து குரூப்பிலும் போட்டு, இன்ன லைன் தூங்குகிறது என்று எழுதினார்கள். இரண்டு தரம் அப்படி ஆனது. மூன்றாவது வாரத்தில் இருந்து பதினோரு மணிக்கு 56, பன்னிரண்டு மணிக்கு 52 என்று சமமாக்கிப் போடக் கற்றுக்கொண்டேன். பக்கத்து லைன் சூப்பர்வைசரும் அப்படித்தான் செய்தார். நாள் மொத்தம் சரியாக இருக்கும், உள்ளே இருக்கிற மணிக்கணக்கு எல்லாம் கற்பனை. பண்டல் வராமல் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் அந்த ஆப்பில் எங்கேயும் கிடையாது. கட்டிங் மாஸ்டருக்கு இன்னொரு ஆள் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அது ஓனருக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது. திட்டுக்குப் பயந்து நாங்களே அந்த வழியை மூடிவிட்டோம்.

நிட்டிங் வைத்திருக்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வட்ட மெஷினில் நூல் ஒன்று அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் தானாக நின்றுவிடுகிறது. நின்றதற்காக யாரும் மெஷினைத் திட்டுவதில்லை. நிற்காமல் ஓடினால்தான் துணி போய்விடும். ஜப்பானில் சக்கிச்சி டொயோடா என்பவர் 1924இல் செய்த தானியங்கித் தறியின் பெருமையே அதுதான், பாவு நூல் அறுந்தால் தறி தானே நிற்கும். அவர் மகன் ஆரம்பித்த கார் கம்பெனியில் அதே யோசனையை மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் தப்பு கண்ணில் பட்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். உடனே லீடர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். தறியில் தொடங்கிய யோசனை அது. துணியிலேயே பிழைக்கிற நம் ஊரில் நூல் அறுந்தால் மெஷின் நிற்கலாம், கைமடி அக்கா நிறுத்தக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

இப்போது இருக்கிற யூனிட்டில் கயிறெல்லாம் கட்டவில்லை. கட்டிங் வேஸ்ட்டில் இருந்து சிவப்புத் துணி எடுத்து டேபிளுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டோம். டெய்லரோ கைமடியோ செக்கிங்கோ, யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தத் துணியை பண்டல் மேல் போட்டால் போதும். நான் போய்ப் பார்க்கும்வரை அந்த பண்டல் நகராது. முதல் பத்து நாள் ஒருவரும் எடுக்கவில்லை. பதினோராவது நாள் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற ஒரு பெண் எடுத்துப் போட்டாள். போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, துணி சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "நல்லதுமா, சந்தேகம்னா போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். அதில் ஒன்று, பழைய ஸ்டைலின் கேர் லேபிள் தப்பாக வந்து ஏறிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகுதான் ஆப்பில் ஏறுகிற கணக்கைச் சரி செய்ய இறங்கினோம். ஆப்பை நிறுத்தவில்லை. ஆனால் மணிக்கணக்கை அந்தந்த டேபிள் ஆட்களே முதலில் சுவரில் இருக்கிற வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள், பக்கத்தில் காரணத்துக்கு ஒரு படம்: நூல்கண்டு என்றால் நூல் இல்லை, கத்தரி என்றால் கட்டிங் வரவில்லை, பல்பு என்றால் கரண்ட் போய்விட்டது, ஸ்பேனர் என்றால் மெஷின் ரிப்பேர். நான் பலகையைப் பார்த்து ஆப்பில் ஏற்றுவேன். எண் குறைந்த மணிக்கு ஓனர் போன் செய்வதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது பலகையில் கத்தரிப் படம்தான் நிறைய. ஆட்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று அதுவரை ஓனரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

படித்தவர்கள் இதையெல்லாம் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மும்பைக்கு அருகே துணி நெய்கிற ஆலைகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒன்று 2013இல் வெளியானது. என் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள், அவள்தான் படித்துச் சொன்னாள். குடும்பமே நடத்துகிற ஆலைகள், நம் ஆட்களைப் போலத்தான். தினமும் தப்புகளை எழுதி வைப்பது, ஸ்டாக்கை ஒழுங்காக அடுக்குவது, தினம் ஒரு தரம் கூடிப் பேசுவது மாதிரியான சாதாரணப் பழக்கங்களை அங்கே கொண்டுவந்தார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. மூன்று வருடத்துக்குள் அந்த ஓனர்கள் புதிதாக ஆலைகளும் திறந்தார்கள். நம்மில் பலர் ஒரு பீஸுக்குப் பத்துப் பைசா ஏற்றிக் கேட்க ஒரு மாதம் அலைகிறோம். 17 சதவீதம் என்ன பெறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கைரேகைப் பெட்டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 20 வருடம் அயர்ன் பாக்ஸ் பிடித்தவருக்கும், நாள் முழுக்கத் துணியைத் தேய்த்துத் தேய்த்துச் செக்கிங் பார்த்தவருக்கும் விரலில் ரேகை தேய்ந்துபோகும். ஒரு யூனிட்டில் ஐம்பது வயது செக்கிங் அக்கா ஒருவர் காலை எட்டரைக்கு முன்னாலேயே வந்துவிடுவார். விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார், பெட்டி சிவப்பு விளக்கு காட்டும். பின்னால் நிற்கிற சின்னப் பையன்கள் உச்சுக் கொட்டுவார்கள். விலகி நின்று எல்லோரும் போன பிறகு வைப்பார். எட்டு முப்பத்தாறுக்கு ஏறும். ஆறு நிமிடத்துக்கு அரை மணி நேரக் கூலி பிடிப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் அப்படி ஆனது. அவர் தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவரைப் போலக் கண் உள்ள இன்னொரு செக்கரை அந்த யூனிட் இன்னும் தேடுகிறது. பெட்டி வைத்தால் பக்கத்தில் ஒரு நோட்டும் வையுங்கள். ரேகை ஏறாதவர் கையெழுத்துப் போடட்டும்.

சம்பளம் பேங்க் அக்கவுண்ட்டில் போடுவது பற்றியும் கேளுங்கள். அது நல்லதுதான், நானும் வேண்டும் என்று சொன்னவள். சனிக்கிழமை கவர் கொடுத்த காலத்தில் எங்கள் பெண்கள் கேட்டைத் தாண்டும் முன்பே சீட்டுக்கு இவ்வளவு, பிள்ளை ஃபீஸுக்கு இவ்வளவு என்று பிரித்து ரவிக்கைக்குள் வைத்துவிடுவார்கள். அக்கவுண்ட் தொடங்கியபோது ஆஃபீஸில் ஒரு பேப்பரை நீட்டி போன் நம்பர் கேட்டார்கள். போன் வீட்டுக்காரர் கையில், அவர் நம்பரைத்தான் பல பேர் கொடுத்தார்கள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பணம் ஏறிய மெசேஜ் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் போகிறது. ஏடிஎம் கார்டும் அவரிடம்தான். ஒரு பெண் என்னிடம், "அக்கா, இந்த வாரம் எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். தன் சம்பளம் எவ்வளவு என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அவளுக்கு அடுத்த வாரம் ஓவர்டைம் இருந்தது, வரவில்லை. கேட்டதற்கு "எவ்வளவு செஞ்சாலும் என் கையில நிக்கப்போறதில்ல" என்றாள். ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்கிறபோது எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் செய்தது சின்ன வேலை. கூலிக் கணக்கைச் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறோம், நாள், ஷிப்ட், பிடித்தம் எல்லாம் தமிழில். பேங்க்கில் நம்பர் மாற்ற விரும்பியவர்களுக்கு ஒரு மதியம் லீவு கொடுத்து அழைத்துப் போனோம். எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு மதியத்துக்கு எட்டு மெஷின் நின்றது என்று ஓனர் கணக்குப் பார்க்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

பெண்களை சூப்பர்வைசராக்குவது பற்றி ஓனர்கள் தயங்குவது தெரியும். நான் இந்த இடத்துக்கு வர 15 வருடம் ஆயிற்று, எனக்குக் கீழே ஓவர்லாக் பழகிய இரண்டு பையன்கள் எனக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆனார்கள். பங்களாதேஷில் ஆடை ஃபேக்டரிகளில் ஆய்வாளர்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து லைன் பார்க்க வைத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் லைனில் வேலை கொஞ்சம் குறைந்தது, கீழே இருந்தவர்களும் அவர்களை மதிக்கவில்லை. நாலைந்து மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்து ஆண்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு "சரிப்பட்டு வரலை" என்று திரும்ப மெஷினில் உட்கார வைக்கிறோம். நாலைந்து மாதம் கொடுங்கள். அந்த நேரத்தில் ஓனரே லைனில் வந்து நின்று, இவங்க சொல்றதுதான் என்று ஒரு தரம் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்று 2013இல் இருந்து சட்டம் இருக்கிறது. எத்தனை யூனிட் சுவரில் அந்தப் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறது? ராத்திரி ஷிப்ட் முடிந்து போகிற பெண் அந்தச் சுவரையும் பார்க்கிறாள்.

வடக்கே இருந்து வந்த ஆட்களை விட்டுவிட்டு எழுத முடியாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாமல் இன்று எந்த லைனும் ஓடாது. 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று எங்கேயோ எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்கள். போலீஸ் பொய் என்று சொல்லியது, பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி திருப்பூரில் வந்து விசாரித்தது. அதற்குள் எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள்! எங்கள் யூனிட்டில் நான்கு பையன்கள் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஓனருக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழு வருடமாக எங்களிடம் இருக்கிற ஒடிசா டெய்லர் ஒருவர்தான் அவர்களை உட்கார வைத்துப் பேசினார், அவர்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு லைனைச் சுற்றிக் காட்டினார். நான்கு பேரும் இருந்தார்கள். அதுவரை அவர் எங்களுக்கு ஒரு டெய்லர் மட்டும்தான். இப்போது புது ஸ்டைல் வரும்போது முதல் பீஸை நான் தமிழில் விளக்குவேன், அவர் இந்தியில் சொல்வதைப் போனில் பதிவு செய்து குரூப்பில் போடுகிறோம். எழுத்துத் தெரியாதவரும் கேட்டுவிட்டுத் தைக்கிறார். அதற்காக அவருக்கு வாரம் தனியாகப் பணம் கொடுக்கிறோம், அதுதான் முறை.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டு சட்டப்படி வேலை கொடுத்த கம்பெனி 45 நாளைக்குள் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து, தாமதிக்கிற கம்பெனிக்கு வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள். தராவிட்டால் அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். நூறு நாள் ஆகியும் பணம் வராத எத்தனை பேர் புகார் போட்டீர்கள்? போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். தளம் இருக்கிறது, போன் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வாய் மட்டும் திறக்க முடியவில்லை. அந்தப் பயம் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெரிய கம்பெனி மெர்ச்சண்டைசர் முன்னால் எங்கள் ஓனர் நின்ற நிலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வாசல் ஓரத்தில் மடித்துக்கொண்டிருக்கிற அக்காவுக்கு உங்கள் முன்னால் இருப்பதும் அதே பயம்தான்.

அதனால் கேட்கிறேன். அடுத்த ஆர்டர் லைனில் ஏறும் முன்பு முதல் பீஸை எடுத்துக்கொண்டு கைமடி, செக்கிங், அயர்ன் எல்லோரிடமும் போய்க் காட்டி, இதில் என்ன தப்பு வர வாய்ப்பு இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. புதிதாக ஆப் விற்க வருகிறவரிடம் இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் குரலில் கேட்க முடியுமா, டெய்லருக்கே அவர் எண் தெரியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குறைந்த எண்ணைப் படம் பிடித்து குரூப்பில் போடுவதை இன்றே நிறுத்துங்கள், அதற்குக் காசே தேவையில்லை.

எங்கள் யூனிட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி டீக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பலகை முன்னால் நிற்போம். அந்த வாரம் எந்தப் படம் அதிகம் என்று எண்ணுவது இப்போது அந்த பேட்லாக் பெண்ணின் வேலை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிற ஓனர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள். எங்கள் ஓனரிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார்.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்
திருப்பூர்